இதயத்துல சின்ன ஓட்டை, அதோட ஒரு ஸ்ட்ரோக்: அடைக்கணுமா, மாத்திரை போதுமா?

நீங்க கேட்டிருக்கறதை நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடறேன். தம்பிக்கு 37 வயசு, பிபி சுகர் எதுவும் இல்ல, சிகரெட் மட்டும் உண்டு. மூணு மாசம் முன்னாடி காலையில எழுந்து பேசறப்ப வாய் குழறி வலது கை மரத்துப் போச்சு, எம்ஆர்ஐல மூளையோட இடது பக்க மேற்பட்டையில சின்ன இடம் பாதிச்சிருக்கு, கடவுள் புண்ணியத்துல முக்கால்வாசி சரியாயிட்டார். பப்பிள் டெஸ்ட்ல "பிஎஃப்ஓ"ன்னு ஒரு ஓட்டை இருக்குன்னு வந்திருக்கு. ஒரு டாக்டர் உடனே டிவைஸ் வச்சு அடைக்கணும்ங்கறார், இன்னொருத்தர் ஆஸ்பிரின் போதும்ங்கறார். தம்பிக்கு இருக்குன்னதும் போன வருஷம் ஸ்ட்ரோக் வந்த 66 வயசு அப்பாவுக்கும் அதே டெஸ்ட் எடுத்தீங்க, அவருக்கும் இருக்காம். இப்ப ரெண்டு பேருக்கும் அடைக்கணுமா, அடைச்சா மறுபடி வராதா, மாத்திரையை நிறுத்தலாமா, எனக்கும் புள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. இத்தனை கேள்விக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான்: இந்த ஸ்ட்ரோக்கை பண்ணினது இந்த ஓட்டையா, இல்ல ஓட்டை சும்மா அங்க இருந்துச்சா? அதுக்கு பதில் தெரிஞ்சுட்டா மத்ததுக்கெல்லாம் பாதி பதில் தன்னால வந்துடும்.

நான் நியூராலஜி டாக்டர், இருபது வருஷமா ஸ்ட்ரோக் வந்தவங்களைத்தான் அதிகமா பார்த்துட்டு இருக்கேன். உங்க தம்பியோட ஸ்கேன் படத்தை நான் பார்க்கல, அதனால இதை முடிவா எடுத்துக்காதீங்க, அவரோட டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க எடுத்துக்கங்க.

முதல்ல அந்த "ஓட்டை"ங்கற வார்த்தையால வர்ற பயத்தை கொஞ்சம் இறக்கி வைக்கணும். குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்றாங்களே, அந்த மாதிரி ஓட்டை இல்ல இது. அம்மா வயித்துல இருக்கற வரைக்கும் குழந்தையோட நுரையீரல் வேலை செய்யாது, ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாத்தான் வரும், அதனால ரத்தம் நுரையீரலைச் சுத்தாம நேரா வலது மேல் அறையில இருந்து இடது மேல் அறைக்குப் போக ஒரு வழி இருக்கும். எல்லாருக்கும் இருக்கும், உங்களுக்கும் எனக்கும் இருந்துச்சு. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடது பக்க அழுத்தம் ஏறி ஒரு மெல்லிசான ஜவ்வு கதவு மாதிரி வந்து அந்த வழியை மூடிக்கும், நாளாக ஆக ஒட்டிக்கும். சில பேருக்கு மூடும், ஆனா ஒட்டாது. கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்காது, அவ்வளவுதான். 1984-ல மேயோ கிளினிக்ல இருந்து வந்த ஒரு ஆய்வுல, இறந்தவங்களோட 965 இதயங்களைத் திறந்து பார்த்ததுல 27 சதவீதத்துல இந்த ஒட்டாத கதவு இருந்துச்சு. கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர். நீங்க பஸ்ல போறப்ப உங்க சீட்டுக்கு முன்னாடி பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்கள்ல ஒருத்தருக்கு இருக்கும், அவங்க தொண்ணூறு வயசு வரைக்கும் தெரியாமலே வாழ்ந்துட்டுப் போவாங்க.

அப்ப ஸ்ட்ரோக் எப்படி வருது? கால் நரம்புலயோ இடுப்புலயோ ஒரு சின்ன ரத்தக்கட்டி உருவானா சாதாரணமா அது வலது பக்க இதயத்துக்கு வந்து நுரையீரலுக்குப் போகும், நுரையீரல் சல்லடை மாதிரி அதைப் பிடிச்சு வச்சுக்கும், பொடிசா இருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்தக் கட்டி வர்ற நேரம் பார்த்து நாம பலமா இருமினோம், முக்கினோம், கனமான சாமானைத் தூக்கினோம்னு வைங்க, வலது பக்க அழுத்தம் ஒரு நொடி கூடி கதவு திறந்துக்கும், கட்டி இடது பக்கம் தாண்டி நேரா மூளைக்குப் போயிடும். இது நடக்கும்ங்கறது சந்தேகமே இல்லாத விஷயம், கதவுல பாதி மாட்டிட்டு நிக்கற கட்டியையே எக்கோல பார்த்து படம் போட்டிருக்காங்க. உங்க தம்பிக்கு இதுதான் நடந்துச்சாங்கறதுதான் ஊகம். ஏன்னா தாண்டிப் போன கட்டி தடயம் விட்டுட்டுப் போறதில்ல, கால்ல டாப்ளர் ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது.

பப்பிள் டெஸ்ட்டை வீட்டுல இருக்கறவங்க பார்க்க வாய்ப்பு கிடையாது, அதனால சொல்றேன். ஒரு சிரிஞ்சுல ஒன்பது மில்லி சலைன், ஒரு மில்லி காத்து, நடுவுல மூணு வழி குழாய், அந்தப் பக்கம் காலி சிரிஞ்ச். இங்க இருந்து அங்க, அங்க இருந்து இங்கன்னு வேகவேகமா தள்ளினா சோடா மாதிரி நுரைக்கும், அதை கை நரம்புல ஏத்திடுவாங்க. எக்கோ திரையில இதயத்தோட வலது பக்கம் சட்டுனு வெள்ளையா பொங்கும். அப்ப பேஷன்ட்டை "முக்குங்க, இன்னும், இன்னும், சரி விடுங்க"ன்னு சொல்லுவோம். விட்ட அந்த நொடியில நடுச்சுவர் இடது பக்கம் லேசா புடைக்கும், அடுத்த மூணு துடிப்புக்குள்ள இருட்டா இருந்த இடது அறையில வெள்ளைப் புள்ளி ஒண்ணு ரெண்டு மிதந்து வரும். சிலருக்கு மூணு நாலு புள்ளி, சிலருக்கு பனி கொட்டற மாதிரி அறையே நிறைஞ்சிடும். ரெண்டுக்கும் ரிப்போர்ட்ல "பிஎஃப்ஓ உள்ளது"ன்னு ஒரே வார்த்தையைத்தான் எழுதி அனுப்பறாங்க, எனக்கு ஆத்திரமே வரும், ஏன்னா அந்த எண்ணிக்கைதான் முக்கியம். தம்பி ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் தேடுங்க: எத்தனை பப்பிள் வந்துச்சு (இருபதுக்கு மேலன்னா பெரிய ஷன்ட், அதாவது நிறைய ரத்தம் பக்கம் மாறிப் போகுதுன்னு எடுத்துப்போம், சில ஆய்வுகள் முப்பதுன்னு வச்சிருக்கு), நடுச்சுவர் தொளதொளன்னு ஆடுதா, அதாவது "ஏட்ரியல் செப்டல் அன்யூரிசம்"னு போட்டிருக்கா. போடலன்னா கேளுங்க, தேவைப்பட்டா தொண்டை வழியா விடற எக்கோ எடுக்கச் சொல்லுங்க.

ஓட்டை மேல பழி போடறதுக்கு முன்னாடி மத்தவங்களை எல்லாம் விசாரிச்சாகணும். கழுத்து, மூளை ரத்தக்குழாய்களுக்கு சிடி ஆஞ்சியோவோ எம்ஆர் ஆஞ்சியோவோ எடுத்தாங்களான்னு பாருங்க. இளவயசு ஸ்ட்ரோக்ல கழுத்து ரத்தக்குழாயோட உள்தோல் கிழியறது ஒரு முக்கியமான காரணம், நம்ம ஊர்ல நான் எல்லாரையும் கேட்கற ஒரு கேள்வி, "சலூன்ல முடி வெட்டிட்டு கழுத்தை சொடக்கு எடுத்தீங்களா?" சிரிப்பாங்க, ஆனா நாலஞ்சு பேராவது யோசிச்சுட்டு "ஆமா சார், அன்னைக்கே பிடரி வலிச்சுது"ன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் ருமாட்டிக் காய்ச்சலால வால்வு சுருங்கியிருக்கான்னு எக்கோல பார்த்திருக்கணும், நம்ம நாட்டுல அது இன்னும் இருக்கு. ரத்தம் உறையற கோளாறுக்கு, முக்கியமா ஆன்டிபாஸ்போலிப்பிட்ங்கற ஆன்டிபாடிக்கு ரத்தம் கொடுத்திருக்கணும். இதயத்துடிப்பு தாறுமாறா போற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கான்னு பார்க்க, துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்டர்ங்கற கருவி மாட்டியிருக்கணும். இதெல்லாம் பார்த்து ஒண்ணும் இல்லன்னு வந்த பிறகுதான் கதவைச் சந்தேகப்படணும். ஒரு இசிஜி, ஒரு எக்கோ, உடனே அடைக்க கேத் லேப்ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

அந்த சந்தேகத்தை அளக்க ரோப்ன்னு ஒரு ஸ்கோர் இருக்கு, 2013-ல வந்தது, பத்துக்கு மார்க். பிபி இல்லன்னா 1, சுகர் இல்லன்னா 1, முன்னாடி ஸ்ட்ரோக் வரலன்னா 1, சிகரெட் இல்லன்னா 1, மூளை மேற்பட்டையில பாதிப்புன்னா 1, மிச்சம் வயசுக்கு: முப்பது வயசுக்குள்ளன்னா 5, அப்புறம் பத்து பத்து வயசுக்கு ஒண்ணு ஒண்ணா குறையும், எழுபது தாண்டினா பூஜ்யம். நீங்க எழுதினதை வச்சு தம்பிக்கு நான் போட்டுப் பார்த்தேன்: வயசுக்கு 4, பிபி, சுகர், முதல் தடவை, மேற்பட்டைக்கு ஒண்ணொண்ணு, சிகரெட்டுக்கு பூஜ்யம், மொத்தம் 8. எட்டு எடுத்த கூட்டத்துல ஓட்டைதான் காரணமா இருக்க வாய்ப்பு சுமார் 84 சதவீதம்னு கணக்கு. இது கூட்டத்துக்கான கணக்கு, தம்பிக்கு 84 சதவீதம் உறுதின்னு அர்த்தமில்ல. இதுல ஒரு விசித்திரமும் இருக்கு, ஸ்கோர் கூடக் கூட ஓட்டை காரணமா இருக்க வாய்ப்பு கூடும், ஆனா மறுபடி ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு குறையும். ஏன்னா அவங்க ரத்தக்குழாய் நல்லா இருக்கு, இளவயசு. அதனால ராத்திரி தூங்காம தம்பி மூச்சு விடறானான்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்காதீங்க.

இப்ப அடைக்கறதைப் பத்தி. ரெண்டு டாக்டர் ரெண்டு மாதிரி சொல்றதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 2012-ல க்ளோஷர்ன்னு ஒரு பெரிய ஆய்வு, 909 பேர், அடைச்சும் பலன் இல்லன்னு வந்துச்சு. 2013-ல வந்த ரெண்டு ஆய்வும் தீர்மானமா எதையும் காட்டல. அந்த நேரத்துல படிச்ச நாங்க எல்லாரும் "அடைக்கத் தேவையில்ல"ன்னு மனசுல எழுதிக்கிட்டோம். 2017 செப்டம்பர்ல நிலைமை மாறிடுச்சு, ஒரே இதழ்ல மூணு ஆய்வு வந்துச்சு. அதுல க்ளோஸ்ங்கற ஆய்வுல, பெரிய ஷன்ட்டோ ஆடற சுவரோ இருக்கறவங்களை மட்டும் எடுத்தாங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல பார்த்ததுல அடைச்ச 238 பேர்ல ஒருத்தருக்குக்கூட ஸ்ட்ரோக் வரல, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேர்ல 14 பேருக்கு வந்துச்சு. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தா பலன் உண்டுன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் 2021-ல ஆறு ஆய்வுல இருந்த 3740 பேரையும் ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. மாத்திரை மட்டும்னா வருஷத்துக்கு நூத்துல 1.09 பேருக்கு மறுபடி ஸ்ட்ரோக், அடைச்சா 0.47. ரோப் ஸ்கோர் ஏழு அல்லது அதுக்கு மேல, கூடவே பெரிய ஷன்ட்டோ ஆடற சுவரோ இருந்தா, ஆபத்து பத்துல ஒன்பது பங்கு குறைஞ்சுது. ஏழு மார்க், இந்த மாதிரி ஓட்டை, இந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா பத்துல ஆறு பங்கு. ரெண்டுமே இல்லாதவங்களுக்கு ஒரு பலனும் தெரியல.

அதனால தம்பி விஷயத்துல என் மனசு அடைக்கற பக்கம்தான் சாயுது, மத்த டெஸ்ட் எல்லாம் சுத்தமா இருந்தா. பப்பிள் நிறைய வந்திருந்தா தயங்கவே மாட்டேன், நாலஞ்சு பப்பிள்தான், சுவரும் ஆடலன்னா உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். ஆனா "உடனே"ங்கறது வேண்டாம். கணக்கைப் பாருங்க, வருஷத்துக்கு நூத்துல ஒண்ணுங்கற ஆபத்துக்கு ரெண்டு மூணு வாரம் பொறுத்து முழுசா விசாரிக்கறதுல நஷ்டமில்ல, மாத்திரை மட்டும் ஒரு நாள்கூட விடாம ஓடணும். ஆஸ்பிரின் சொன்ன டாக்டரும் முட்டாள்தனமா சொல்லல, நூறு பேருக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தா அந்த வருஷம் தொண்ணூத்தொன்பது பேர் நல்லாத்தான் இருப்பாங்க. வித்தியாசம் என்னன்னா, தம்பிக்கு இன்னும் நாப்பது வருஷம் இருக்கு, வருஷத்துக்கு ஒரு சதவீதம் நாப்பது வருஷத்துல சின்ன எண் இல்ல. ஆய்வுகள் எதுவும் அவ்வளவு நீளம் போகல, அதனால நாப்பது வருஷக் கணக்கு என் அனுமானம்தான்.

இது நெஞ்சைத் திறக்கற ஆபரேஷன் இல்ல, அம்மாகிட்ட அதை முதல்ல சொல்லுங்க. தொடை நரம்பு வழியா ஒரு குழாய், நிட்டினால்ங்கற கம்பி வலையில செஞ்ச ரெண்டு வட்டத்தட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, சட்டைப் பொத்தான் மாதிரி பிடிச்சுக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும், அடுத்த நாள் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கொஞ்ச மாசத்துல இதயத்தோட சொந்தத் தோலே அது மேல படர்ந்து மூடிடும். ஆபத்து இல்லாம இல்ல. முக்கியமா முதல் ஒன்றரை மாசத்துக்குள்ள படபடப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம், க்ளோஸ் ஆய்வுல அடைச்சவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு வந்துச்சு, அடைக்காதவங்கள்ல 0.9. பெரும்பாலானவங்களுக்கு அது தானா அடங்கிடும், ஆனா படபடப்பு வந்தா வாயுன்னு சோடா குடிச்சுட்டு படுக்காம போய் இசிஜி எடுக்கணும். நிக்கல் அலர்ஜி, அதாவது வாட்ச், கவரிங் நகை போட்டா அரிச்சு புண்ணாகறவங்கன்னா முன்கூட்டியே சொல்லணும். முதல் ஆறு மாசம் பல் பிடுங்கறதுன்னா பல் டாக்டர்கிட்ட டிவைஸ் இருக்குன்னு சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கணும்.

அடைச்சா மாத்திரையை நிறுத்தலாமான்னு கேட்டீங்க. கூடாது. முதல் சில மாசம் ஆஸ்பிரினும், அதே மாதிரி ரத்தம் கட்டாம தடுக்கற குளோபிடோக்ரெல்லும் சேர்ந்து, அப்புறம் ஏதாவது ஒண்ணு மட்டும் வருஷக்கணக்குல ஓடும். எத்தனை வருஷம்ங்கறதுல உலகத்துல ஒருமித்த கருத்து இல்ல, ஐரோப்பாவுல குறைஞ்சது அஞ்சு வருஷம்ங்கறாங்க. ஆஸ்பிரினுக்கு பதிலா ரத்தத்தை இன்னும் பலமா இளக்கற மருந்து கொடுத்தா நல்லதாங்கறதும் இன்னும் தீராத கேள்வி, கால்ல கட்டி இருந்தாலோ உறைதல் கோளாறு இருந்தாலோ மட்டும் அதுக்குத் தெளிவான இடம் உண்டு. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி நாப்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர், வேற ஊர்ல அடைச்சுட்டு வந்தவர், "ஓட்டை மூடியாச்சு, இனி நான் புதுசு"ன்னு ஆஸ்பிரின் மட்டுமில்ல பிபி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திட்டார். ஒன்றரை வருஷம் கழிச்சு இடது கால் இழுத்துக்கிட்டு வந்து சேர்ந்தார், பிபி 200-க்கு மேல. பப்பிள் டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், ஒரு புள்ளி தாண்டல, டிவைஸ் கச்சிதமா உட்கார்ந்திருந்துச்சு. இந்த ஸ்ட்ரோக் மூளைக்குள்ள இருக்கற பொடி ரத்தக்குழாய்ல வந்தது, பிபியால வந்தது. அவர் மனைவி என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டது, "அதான் அடைச்சாச்சே டாக்டர்?" அடைக்கறப்பவே யாராவது அவங்ககிட்ட பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

தம்பி சிகரெட்டை விடணும், குறைக்கறது இல்ல, விடணும். நீண்ட பஸ், விமானப் பயணத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும், பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்கக்கூடாது. மலச்சிக்கல் இருந்தா சரி பண்ணிக்கணும், முக்கறதுதான் கதவைத் திறக்கற வேலை. பாடகர் ஜஸ்டின் பீபரோட மனைவி ஹெய்லி பீபருக்கு 2022 மார்ச்ல, 25 வயசுல, சாப்பிட்டுட்டு இருக்கறப்ப இதே மாதிரி வாய் கோணி கை மரத்துப் போச்சு. ஓட்டை கண்டுபிடிச்சு அடைச்சாங்க. அவங்களே வெளியிட்ட வீடியோவுல சொன்னது, கருத்தடை மாத்திரை சாப்பிட்டது, சமீபத்துல கோவிட் வந்தது, நீண்ட விமானப் பயணம் பண்ணினது, எல்லாம் சேர்ந்துச்சுன்னு. எனக்கு இதுல பிடிச்சது அந்த "சேர்ந்துச்சு"தான், ஓட்டை பிறந்ததுல இருந்து இருக்கு, அன்னைக்கு கட்டியை உருவாக்கினது வேற விஷயங்கள்.

அப்பா விஷயம் முழுக்க வேற. 66 வயசு, பிபி, சுகர் ரெண்டும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ஸ்கோர் ரெண்டோ மூணோதான் வரும். அந்த கூட்டத்துல ஓட்டை காரணமா இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், நாலுல ஒருத்தருக்கு இருக்கறது அவருக்கும் இருக்கு, அவ்வளவுதான். ஆய்வுகள்ல அடைச்சவங்க பெரும்பாலும் அறுபது வயசுக்குள்ள இருந்தவங்க, அதனால அவர் வயசுக்கு ஆதாரமும் குறைவு, டிவைஸ் வச்ச பிறகு துடிப்புக் கோளாறு வர்றதும் இந்த மாதிரி ஆட்கள்லதான் அதிகம். இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோனுக்கு 77 வயசுல, 2005 டிசம்பர்ல சின்ன ஸ்ட்ரோக் வந்துச்சு, இதே ஓட்டையைப் பார்த்தாங்க, 2006 ஜனவரி 5 அடைக்க நாள் குறிச்சாங்க, அதுவரைக்கும் ரத்தத்தை இளக்கற ஊசி. ஜனவரி 4 ராத்திரி மூளைக்குள்ள பெரிய ரத்தக்கசிவு, எட்டு வருஷம் நினைவில்லாமலே இருந்து 2014-ல இறந்தார். அந்த ஊசி கொடுத்தது சரியா தப்பான்னு டாக்டர்களுக்குள்ள நிறைய விவாதம் நடந்துச்சு, அதுக்கு நான் தீர்ப்பு சொல்ல வரல. வயசானவங்க மூளை ரத்தக்குழாய் வேற, ஒரு பக்கம் அடைப்பைத் தடுக்கப் போய் இன்னொரு பக்கம் கசிவு வரலாம்ங்கறதுக்காகச் சொன்னேன். அப்பாவுக்கு நான் அடைக்கச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவை நாலு வாரமாவது துடிப்பைப் பதிவு பண்ற மானிட்டர், ஏன்னா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து வந்து போகும், 24 மணி நேர ஹோல்டர்ல தப்பிச்சுடும், அது கிடைச்சா மருந்தே மாறும். அப்புறம் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், கொலஸ்ட்ரால் மாத்திரை, பிபி 130/80-க்குக் கீழ.

ரெண்டு பேர்ல யாருக்கு வாய் கோணினாலும், கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் அது அஞ்சு நிமிஷத்துல சரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க, கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வீட்டுல ஆஸ்பிரின் கொடுத்துட்டுக் கிளம்பாதீங்க, கசிவா அடைப்பான்னு ஸ்கேன் பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது.

உங்களுக்கும் புள்ளைங்களுக்கும் பப்பிள் டெஸ்ட் வேண்டாம். ஸ்ட்ரோக்கே வராதவங்களுக்கு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல, பயம்தான் மிச்சம். ஒத்தைத் தலைவலி இருக்குன்னு யாராவது அதுக்காக அடைக்கச் சொன்னாலும் வேண்டாம், அந்த ஆய்வுகள் எதுவும் எதிர்பார்த்த பலனைக் காட்டல. அந்த டெஸ்ட்டுக்கு எடுத்து வச்ச காசுல கையில மாட்டற நல்ல பிபி மெஷின் ஒண்ணு வாங்குங்க, மணிக்கட்டுல மாட்டறது வேண்டாம், மேல்கைக்குப் போடறது. அப்பாவை காலையில காபிக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார வச்சு ரெண்டு தடவை எடுத்து ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, அடுத்த தடவை போறப்ப அந்த நோட்டையும் தம்பியோட பப்பிள் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க.